முந்தைய நோய் ஏதுமில்லை

ஜூன் 3, திங்கள்

ஒரு தப்புக்கு இரண்டு தப்பு என்று கணக்கிட்டு மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். எங்கள் வேலையைச் சரிபார்க்கும் இந்த வார ஆடிட்டில் எனக்கு 93.4. தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் பெயர் சிவப்பில் வரும். வந்துவிட்டது.

மூன்று வருடம் எக்ஸ்ரே சார்ட் பார்த்துக்கொண்டிருந்தவளை, பிரசவ லீவு முடிந்து வந்ததும் குடல் அறுவை சிகிச்சை டீமில் தூக்கிப் போட்டார்கள். எக்ஸ்ரே என்றால் எலும்பு முறிந்திருக்கும், அல்லது முறிந்திருக்காது. இங்கே ஒரு நோயாளியின் சார்ட்டே அறுபது பக்கம். அமெரிக்காவில் யாரோ ஒரு டாக்டர் யாரையோ பார்த்து எழுதி வைத்ததைத் திருச்சியில் உட்கார்ந்து படித்து, ஒவ்வொரு நோய்க்கும் புத்தகத்தில் உள்ள எண்ணைத் தேடிப் போட வேண்டும்; அதுதான் கோடிங். அங்கே இன்சூரன்ஸ்காரர்களுக்கு எண் மட்டும்தான் புரியும்.

நான் செய்த தப்பு இதுதான். மூன்றாம் பக்கத்தில் ஒரு டாக்டர் 'பெருங்குடலில் க்ரோன்ஸ்' என்று எழுதியிருக்கிறார். குடல் உள்ளுக்குள்ளேயே புண்ணாகிக்கொண்டிருக்கும் நோய் அது. அடக்கி வைக்கலாம், தீராது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வேறொரு டாக்டர் 'ஆசனவாய் ஓரம் ஃபிஸ்துலா' என்கிறார். பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் மூலம், பவுத்திரம் என்று ஒட்டியிருக்கிறார்களே, அந்தப் பவுத்திரம். நான் இரண்டுக்கும் தனித்தனி எண் போட்டேன். இரண்டும் இருந்தால் ஒரே எண்ணாம், கே50.113. அது வேறு இது வேறு என்று டாக்டரே எழுதினால் ஒழிய, அதிலிருந்துதான் இது வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

எங்கள் டீம் லீடர் திலகாவிடம் போனேன். "டாக்டர் எழுதாதத நாமளா சேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா. இது மட்டும் சேக்கலாம்."

"ஏன் இது மட்டும்?"

"புக்குல அப்படி இருக்கு. நீ கோடர், டெல்பின். வக்கீல் இல்ல."

மினுவுக்கு மேல்பல் இரண்டு முளைத்துவிட்டது. இதைச் சமையல் மேடையில் வைத்து நின்றபடி எழுதுகிறேன். உட்கார்ந்தால் கவனம் சிதறுகிறது.

ஜூன் 5, புதன்

ஆடிட்டுக்கு ஒன்றரைப் பக்கம் மறுப்பு எழுதி அனுப்பினேன். நான்கு நிமிடத்தில் பதில்: ஏற்கப்படவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முழுக்க நின்றேன். மினு தோளில் இருந்ததால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. கைக்குழந்தை இருப்பதில் இப்படி ஒரு வசதி. ஆனால் கிளமென்ட் கவனித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"புள்ள பாதிப் பூசையிலயே தூங்கிட்டா. பெஞ்சுல எடம் கெடந்துச்சு. நீ ஏன் உக்காரல?"

"தையல் போட்ட எடம் வலிக்குது."

"மினுவுக்கு எத்தன மாசம்?"

"பத்து."

"பத்து மாசமாவா தையல் வலிக்கும்?"

பிரசவம் பார்த்த டாக்டரிடம் நான்கு முறை போயாயிற்று. நான்கு முறையும் தையலில் சீழ் என்றார். ஒரு களிம்பு, ஐந்து நாள் மாத்திரை, வெந்நீரில் உட்காரு. ஆறுவது போல் இருக்கும். பிறகு பழுக்கும், உடையும், கசியும். மாதம் முப்பது நாளும் நாப்கின் வைத்துக்கொண்டுதான் ஆபீஸ் போகிறேன். இதைக் கிளமென்ட்டிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் புருஷனிடம் எப்படிச் சொல்வது?

கிளமென்ட் துவாக்குடியில் ஒரு கம்பெனியில் வெல்டிங் பரிசோதகர். அடுத்தவர் பற்றவைத்ததில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்.

"ஒரே எடத்துல நாலு தடவ விரிசல் விட்டா எங்க ஷாப்புல மேல மேல பத்தவைக்க மாட்டோம். அறுத்து உள்ள என்னன்னு பாப்போம்."

"என்னையும் அறுத்துப் பாக்கப் போறீங்களா?"

"வெள்ளிக்கிழம லீவு சொல்றேன். சர்ஜன்கிட்ட காட்டுறோம்."

ஜூன் 12, புதன்

இன்று வந்த சார்ட் என் பொறுமையைச் சோதித்துவிட்டது. ஓயாத வயிற்றுப்போக்கு, எடை குறைவு, பவுத்திரம், சதைப் பரிசோதனை ரிப்போர்ட் என்று எல்லாமும் க்ரோன்ஸ், க்ரோன்ஸ் என்று கத்துகின்றன. அந்தப் பெயரை மட்டும் டாக்டர் ஓரிடத்திலும் உறுதியாக எழுதவில்லை. ஒரே ஓர் இடத்தில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். மருத்துவமனையில் படுக்காமல் வந்து போகிறவரின் குறிப்பில் கேள்விக்குறி போட்ட நோய், எங்கள் தொழிலில் இல்லாத நோய்.

சந்தேகம் வந்தால் டாக்டருக்கே கேள்வி அனுப்பலாம். 'இது க்ரோன்ஸ் நோயா?' என்று எழுதினேன். திலகா திருப்பி அனுப்பிவிட்டாள்.

"பதில நீயே ஊட்டி விடுற மாதிரி கேக்கக் கூடாது. பொதுவா கேளு. அவங்களா சொல்லணும்."

"தெரிஞ்சுகிட்டே தெரியாத மாதிரி கேக்கணுமா?"

"அதுக்குத்தான் சம்பளம்."

'குறிப்பில் உள்ள அறிகுறிகளுக்கான காரணத்தைத் தெளிவுபடுத்தவும்' என்று மாற்றி அனுப்பினேன்.

நாற்காலிக்கு நடுவில் ஓட்டை உள்ள மெத்தை வாங்கியிருக்கிறேன். முதுகுவலிக்கு என்று சொன்னேன். பக்கத்து சீட் சரண்யா, "என்னக்கா, மினிபஸ்ல கடைசி சீட்டு கெடச்ச மாதிரி ஒரு பக்கமாவே உக்காந்திருக்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இந்தத் தளத்தில் கழிவறைக்கு மிக அருகில் இருப்பது என் சீட்தான். ஏசி காற்று நேராக அடிக்காது என்று சொல்லிக் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 14, வெள்ளி

சர்ஜனுக்கு அறுபது வயது இருக்கும். பெண் டாக்டர் வேண்டுமென்றால் அடுத்த மாதம்தானாம். அவரைப் பார்ப்பதற்கு முன் ஒரு நர்ஸ் அட்டையில் டிக் போட்டுக்கொண்டே கேட்டார்.

"சுகர்?"

"இல்ல."

"பிரஷர், தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா?"

"இல்ல."

"முன்னாடி ஆபரேஷன் ஏதும்?"

"சிசேரியன்கூட இல்ல சிஸ்டர். நார்மல்" என்று கிளமென்ட் பெருமையாகச் சொன்னார், அவரே பெற்றதுபோல.

டாக்டர் பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்று எழுதப் போவதில்லை. கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இது தையல் இல்லம்மா, பவுத்திரம். உள்ளேர்ந்து ஒரு வழி வந்து தோல்ல வாய் வச்சிருக்கு. அந்த வழிய தெறந்து விட்டா அடியிலேர்ந்து ஆறிட்டு வரும். சின்ன ஆபரேஷன்தான். மலச்சிக்கல் உண்டா?"

"இல்ல டாக்டர்."

மலச்சிக்கல் இல்லைதான்.

இருபத்தெட்டாம் தேதி குறித்தாயிற்று. கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இன்றைய சார்ட்டில் ஒரு பெண். வயது இருபத்தெட்டு. பெயர், ஊர் எங்களுக்குக் காட்ட மாட்டார்கள். முதல் குழந்தைக்குப் பிறகு ஓரத்தில் ஒரு புண். தையலில் சீழ் என்று ஆறு மாதம் மருந்து. பிறகு பவுத்திரம் என்று அறுத்தார்கள். ஆறவில்லை. திரும்ப அறுத்தார்கள். மூன்றாவது முறையும் அறுத்த பிறகு ஒரு டாக்டருக்குச் சந்தேகம் வந்து, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார். க்ரோன்ஸ். அது இருக்கும்போது அறுத்த இடம் லேசில் ஆறாதாம். அதற்குள் மலத்தை அடக்கும் தசை போய்விட்டது. இப்போது மலம் போக வயிற்றில் பை மாட்டியிருக்கிறார்கள்.

அந்த ஒரு சார்ட்டுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. திலகா கேட்டாள், சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது என்றேன்.

எண்ணைச் சரியாகப் போட்டேன்.

ஜூன் 20, வியாழன்

எனக்கும் வயது இருபத்தெட்டு என்பதால் ஒன்றும் ஆகிவிடாது. அமெரிக்காவில் இருபத்தெட்டு வயதில் எத்தனையோ பேர்.

கல்யாணப் பட்டுப்புடவை ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நான்கு விரல் போகிறது. பால் கொடுப்பதால் இளைத்திருப்பேன்.

ஜூன் 23, ஞாயிறு

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்?

தஞ்சாவூரில் பி.எஸ்சி. மூன்றாம் வருடம் படிக்கும்போது எனக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு. ரத்தம் போகும். வாயெல்லாம் புண். ஒன்பது கிலோ குறைந்தேன். பரீட்சை பயம் என்றார்கள், ஹாஸ்டல் சாப்பாடு என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர் சீட்டில் 'க்ரோன்ஸ்?' என்று எழுதி, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொன்னார். "வரன் பாக்க வேண்டிய பொண்ணுக்கு அங்கெல்லாம் கேமரா விட்டாங்கன்னு வெளிய தெரிஞ்சா என்னாகும்?" என்று அம்மா அந்தச் சீட்டை மடித்து என் சர்டிபிகேட் ஃபைலுக்குள் வைத்துவிட்டாள். அங்கேயேதான் இருக்கிறது. வயிறு சில மாதம் அடங்கும், சில மாதம் ஆட்டி வைக்கும். எந்தக் கல்யாண மண்டபத்திலும் முதலில் கழிவறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வேன். பழகிவிட்டது.

கோடிங் பயிற்சியின் முதல் வாரத்தில், கேள்விக்குறி போட்ட நோயை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த நிம்மதி இருக்கிறதே! வீட்டுக்குப் போகும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது. வயிற்றுப் பக்கம் ஒரு டாக்டர் கையில், புண் பக்கம் இன்னொரு டாக்டர் கையில். இரண்டு பக்கத்தையும் படித்த ஒரே ஆள் நான். இதற்குத்தானே ஆடிட்டில் மார்க்கைக் குறைத்தார்கள்.

மத்தியானம் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அந்தத் தஞ்சாவூர் சீட்ட டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன்மா."

"எந்தச் சீட்டு?"

"ஒனக்குத் தெரியும்."

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, "தனியா காட்டுவியா, மாப்பிள்ளைய வச்சுகிட்டா?"

"அவரும்தான் வருவாரு."

"கையில புள்ளய வச்சுகிட்டு, மறச்சுக் கட்டிவச்சாங்கன்னு எனக்குப் பேரு வாங்கித் தரப் போறியா? சின்ன ஆபரேஷன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. கமுக்கமா முடிச்சிட்டு வா."

"அறுத்தா ஆறாதும்மா."

"நீ என்ன டாக்டரா?"

இதைத்தான் பத்து நாளாக நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 26, புதன்

அமெரிக்க டாக்டரிடமிருந்து பதில் வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து இரண்டே சொல்: 'குறிப்பைப் பார்க்கவும்.' திரையைக் குத்தலாம்போல இருந்தது.

மருத்துவமனைக்குப் போன் போட்டேன். "டாக்டர்கிட்ட ஒரு நிமிஷம் பேசணும்."

"ஆபரேஷன் விஷயமாம்மா? இருபத்தெட்டு காலைல ஆறு மணிக்கு வெறும் வயித்தோட வந்துருங்க."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"நகை, நெயில் பாலிஷ் எதுவும் கூடாது. வேற?"

வேறு ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

கிளமென்ட்டிடம் இரண்டு முறை ஆரம்பித்தேன். முதல் முறை மினு கட்டிலிலிருந்து விழப் பார்த்தாள். இரண்டாம் முறை ஒன்றும் நடக்கவில்லை. நானே பேச்சை மாற்றிவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பக்கமாக.

கீழ்வீட்டு சகாயம் அக்காவிடம் மினுவை விட்டுவிட்டு ஆறு மணிக்கே போய்விட்டோம். பச்சை அங்கியை மாட்டிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கிளமென்ட் டீ குடிக்கப் போனார். கால்மாட்டில் என் ஃபைல். எங்கே ஃபைலைப் பார்த்தாலும் கை போய்விடுகிறது, எடுத்துப் படித்தேன்.

முந்தைய நோய் ஏதுமில்லை. வயிற்றுப்போக்கு இல்லை. ரத்தப்போக்கு இல்லை. எடை குறைவு இல்லை. பசி நன்று. வயிற்றையும் எடையையும் பற்றி என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

சுத்தமான சார்ட். அடித்தல் திருத்தல் கிடையாது. என் சீட்டுக்கு இது வந்திருந்தால் வெறும் பவுத்திரம் என்று இரண்டே நிமிடத்தில் எண் போட்டு நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பேன். அதில் பெயர் மட்டும்தான் நான்.

நர்ஸை அழைத்தேன். "சிஸ்டர், இதுல தப்பு இருக்கு."

"எதும்மா, பேரா? இனிஷியலா?"

"பேரு சரி. மத்ததெல்லாம் தப்பு."

"அதெல்லாம் டாக்டர் பாத்துக்குவாரும்மா, நீங்க படுங்க."

"டாக்டர வரச் சொல்லுங்க. அவரு வராம நான் உள்ள வர மாட்டேன்."

எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

டாக்டர் பச்சைத் தொப்பியோடு வந்தார். பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். சர்டிபிகேட் ஃபைலிலிருந்து நேற்றே எடுத்து வைத்திருந்தேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல்தான் வைத்தேன். "எட்டு வருஷமா வயித்துப்போக்கு டாக்டர். ரத்தமும் போகும்" என்று ஆரம்பிக்கும்போது கிளமென்ட் எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர்ப் பாட்டிலோடு உள்ளே வந்தார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் அவரை வெளியே அனுப்பியிருப்பார்கள். அம்மா சொன்னதும் அதுதான்.

நிறுத்தவில்லை. ஒன்பது கிலோ, வாய்ப்புண், மாதம் முப்பது நாளும் நாப்கின், எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "இது க்ரோன்ஸால வந்த பவுத்திரமா இருக்கும். அறுக்கறதுக்கு முன்னாடி உள்ள பாருங்க டாக்டர்" என்றும் சொன்னேன். திலகா இருந்திருந்தால் அந்த வாக்கியத்தைத் திருப்பி அனுப்பியிருப்பாள்.

"யாரு சொன்னா க்ரோன்ஸுன்னு? கூகுளா?"

"யாரும் சொல்லல. நான் சொல்றேன். தெனமும் இதத்தான் படிக்கிறேன்."

டாக்டர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "எட்டு வருஷத்து சீட்டு! இத இன்னைக்கு, மயக்க டாக்டர் வந்து உக்காந்தப்புறம் நீட்டுறே. ரெண்டு வாரம் முன்னாடி வாயில என்ன வச்சிருந்தே?"

அவர் திட்டிக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் கேள்வி கேட்டார். இந்த எட்டு வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு கேட்டதில்லை. கடைசியில் எழுந்தார். "நீ சொல்றதா இருக்கலாம். குடல் டிபியா இருக்கலாம். ஒண்ணுமில்லாமலும் போகலாம். ஆனா பாக்காம கத்தி வைக்க மாட்டேன். ஸ்கேன் எடு, உள்ள கேமரா விட்டுப் பாப்போம். வீட்டுக்குப் போ."

வழி முழுக்க வேகத்தடை வரும்போதெல்லாம் கிளமென்ட் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி ஏற்றி இறக்கினார். வாசலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஜூலை 1, திங்கள்

என்னிடம் பேச வேண்டியதை மினுவிடம் பேசுகிறார். "ஒங்கம்மாவ சாப்புடச் சொல்லு." மினு என்னைப் பார்த்து எச்சில் ஊதுகிறாள். சாப்பிடுகிறேன்.

ஆபீஸில் இந்த வாரமும் சிவப்பு.

ஜூலை 6, சனி

இன்று கேமரா பரிசோதனை. நேற்று முழுக்கக் குடல் சுத்தமாகும் மருந்தைக் குடித்துக் குடித்துத் தலை சுற்றுகிறது. ரிசல்ட் பிறகுதான். உள்ளே புண் இருக்கிறது, சதை எடுத்து அனுப்பியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை.

காத்திருக்கும் ஹாலில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். மினு என் மடியில் கையை வைத்துப் பேனாவைப் பிடுங்கினாள். கிளமென்ட் ஃபாரத்தை வாங்கித் தொடையில் வைத்துக்கொண்டு அவரே நிரப்ப ஆரம்பித்தார். பெயர், வயது எழுதினார். எடை கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். எழுதினார். பிறகு பட்டறையில் பேசுகிற அதே சத்தத்தில்,

"ஒரு நாளைக்கு எத்தன தடவ போற?"

ஹால் முழுக்க ஆட்கள். எதிரே இருந்தவர் செய்தித்தாளை இறக்கினார்.

"மெதுவா கேளுங்களேன்."

"எழுதணும்ல?"

"ஏழு."

எழுதினார். "ரத்தம்?" எழுதினார். "ராத்திரி தூக்கத்துலேர்ந்து எந்திரிச்சுப் போறதுண்டா?"

"ரெண்டு தடவ."

பேனா நின்றது.

"நான் பக்கத்துலதான படுத்திருக்கேன்?"

"சத்தம் வராம கதவச் சாத்துவேன்."

மினு அவர் சட்டைப் பொத்தானை இழுத்தாள். அவளைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல எப்பத் தெரிஞ்சுச்சு ஒனக்கு? எந்த எடத்துல இருந்த, யாரு கூட இருந்தா?"

"அதெல்லாமா ஃபாரத்துல கேட்டிருக்காங்க?"

"இல்ல. இது நான் கேக்குறது."

உள்ளே என் பெயரைக் கூப்பிடும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.